அவர் வயிற்றுக்கு நான் பேசிய பேரம்

மார்ச் 3

பழைய பீரோ ஒன்று விற்றது. வாங்கியவர் வீட்டு மாடிவரை ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்த என் வீட்டு மனுஷன், சட்டையைத் தூக்கிக் காட்டுகிறார். அடிவயிற்று ஓரத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. ஆறு மாதமாக இருக்கிறதாம். படுத்தால் உள்ளே போய்விடுகிறதாம், அதனால் என்னிடம் சொல்லவில்லையாம். நல்ல நியாயம்!

மார்ச் 5

குடலிறக்கம் என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு வலை வைக்க வேண்டும். தள்ளிப்போட்டால் ஒருநாள் குடல் சிக்கிக்கொள்ளும், அப்புறம் உயிருக்கே ஆபத்து என்றார்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று கவுன்ட்டர் பெண் கேட்டாள். இல்லை என்றதும் ஒரு தொகை சொன்னாள். கடையைச் சாமானோடு விற்றாலும் அதில் பாதி தேறாது.

இருபது வருஷமாகப் பழைய மரச்சாமான் விற்கிறவள் நான். முதலில் சொல்கிற விலை விலையே இல்லை என்பது தெரியாதா? பாதிக்குக் கேட்டேன். அவள் சிரிக்கக்கூட இல்லை. சரி என்று எழுந்துவிட்டேன். வாசலைத் தாண்டுவதற்குள் எப்படியும் கூப்பிடுவார்கள், எங்கள் தொழிலில் அது எழுதாத சட்டம். மெதுவாக நடந்தேன். லிஃப்ட் வந்தது, போகவிட்டேன். திரும்ப வந்தது. பின்னால் அவள் அடுத்த டோக்கனைத்தான் கூப்பிட்டாள்.

வழியெல்லாம் அவர் என்னை விட்டு முன்னாலேயே நடந்தார். வீட்டுக்கு வந்ததும், "நான் என்ன கால் ஒடஞ்ச நாற்காலியா? என் வயித்துக்குப் போயி வெல பேசுற" என்றார். சுருக்கென்றது.

மார்ச் 6

நாற்காலி இல்லைதான். நாற்காலியாக இருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பேனே.

மார்ச் 9

நான் கடையில் இல்லாத நேரம் பார்த்து இரும்பு அலமாரியைத் தூக்கியிருக்கிறார். புடைப்பு உள்ளே போகவில்லை. நான் வரும்போது வேர்த்துக் கொட்டித் தரையில் கிடக்கிறார். ரொம்ப நேரம் கழித்துத்தான் அது உள்ளே போய் வலி அடங்கியது.

கத்தித் தீர்த்துவிட்டேன். நான் ஒருத்தி இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா? எதாவது ஒண்ணுன்னா நான் யாரோட சண்ட போடுவேன்? — அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பயந்திருந்தார். நானும்தான்.

மார்ச் 11

மறுபடி அதே கவுன்ட்டர். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் போனேன். இந்தத் தடவை குறைக்கச் சொல்லவில்லை. கட்டில் வாங்க வருபவர்கள், மெத்தை வேண்டாம், வண்டி நாங்களே கொண்டு வருகிறோம் என்று பிரித்துப் பிரித்துப் பேசுவார்களே, அப்படி அந்தத் தொகைக்குள் என்னென்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். அந்தப் பெண் நல்லவள், பொறுமையாகச் சொன்னாள். தனி அறை. மூன்று நாள் தங்கல். வெளிநாட்டு வலை. வலை மாற்றலாமா என்று டாக்டரைத்தான் கேட்க வேண்டும் என்றாள். காத்திருந்து கேட்டேன்.

உள்நாட்டு வலையும் நல்லதுதான் என்றார். அதோடு விடாமல், "செவ்வாய்க்கெழமைல தர்ம ஆஸ்பத்திரியில இதே ஆபரேஷன நானேதான் பண்றேன். அங்க இதுல கால்வாசிகூட ஆகாது" என்றார்.

"மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா டாக்டர்?"

"யாரும் கேக்கலையேம்மா."

வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டேன், காரியம் முக்கியம். வரும் செவ்வாய்க்கே இடம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன். கையில் இருப்பதே போதும், யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. வீடு வரைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். எனக்கே சிரிப்பு வந்தது.

மார்ச் 17

முடிந்தது. கண் விழித்ததும் கடையை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டார். பொது வார்டு, ஜன்னலோரக் கட்டில். ஆட்டிப் பார்த்தேன், நல்ல கனமான இரும்பு.

மார்ச் 18

காலையில் டீ வாங்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது வார்டுக்கு உள்ளே அவர் குரல். பக்கத்துக் கட்டில்காரரின் தங்கை அழுதுகொண்டிருந்தாள். மகனுக்குக் காதில் ஆபரேஷனாம், எங்கேயோ பெரிய தொகையாகச் சொல்லிவிட்டார்களாம்.

"அழாதம்மா. என் சம்சாரம் இப்ப வந்துருவா. எங்க போயி எதக் கேக்கணும்னு அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?"

கல்யாணமானதிலிருந்து என்னைப் பற்றி அவர் யாரிடமும் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காதவள் மாதிரி உள்ளே போனேன். டீயை அவர் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எவ்வளவு சொன்னாங்க?"