லிட்டனுக்குக் கொடுத்த சொல்

பிப்ரவரி 11, லண்டன்
லிட்டனுக்கு நிமோனியா. படுக்கையில் கிடந்தபடி எதிரே மாட்டியிருக்கும் பச்சை உடைச் சீமாட்டியின் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் கைக்குட்டையை எச்சிலால் நனைத்து அவள் கழுத்தோரம் தேய்த்துப் பார்த்தேன். பழுப்பேறிய வார்னிஷுக்கு அடியில் வெனிஸ் ஓவியர்களுக்கே உரிய வெளிச்சம் அப்படியே இருக்கிறது. என்ன ஓவியம்! அமெரிக்காக்காரனுக்கு விற்கப்போகிறானாம், பாவி.

இப்படிப் பழைய ஓவியங்கள் நாட்டை விட்டுப் போவதைத் தடுக்கத்தான் பாராளுமன்றத்தில் என் மசோதா. அவன் எதிர்க்கட்சி, எதிர்த்து ஓட்டுப் போட வேண்டியவன். எழுந்து உட்காரவே முடியவில்லை. "ஆல்டர்சி, என்னால வர முடியாது. எனக்கு ஜோடியா நீயும் போடாம இருந்துடு" என்றான். எதிரெதிர்க் கட்சிக்காரர் இருவர் இப்படிச் சேர்ந்து ஒதுங்கிக்கொண்டால் ஓட்டுக் கணக்கு மாறாது; சபையில் அதற்கு ஜோடி என்று பெயர். பள்ளிக்கூடத்து நண்பன். சரி என்றேன். இதற்கெல்லாம் கையெழுத்து கிடையாது, வெறும் சொல்தான். எப்படியும் ஜெயித்துவிடுவோம்.

பிப்ரவரி 13
ஜெயிப்போமா? எங்கள் கொறடா ஜெர்வேஸ் தாழ்வாரத்தில் பிடித்துக்கொண்டார். நம்மவர்களே சிலர் நழுவுகிறார்களாம்.
"உங்க மசோதாவுக்கு நீங்களே ஓட்டுப் போடலேன்னா எப்படி?"
சொல் கொடுத்திருக்கிறேன் என்றேன்.
"அவர் காய்ச்சல்ல பிதற்றிக்கிட்டு கிடக்கார். அவருக்குத் தெரியவா போகுது?"
எனக்குத் தெரியும் என்றேன். பெரிய மனிதனைப் போல.

பிப்ரவரி 14
தூக்கமில்லை. அந்தக் கழுத்து கப்பலேறிப் போவதா? டப்பாவில் பன்றிக்கறி விற்கும் அந்த அமெரிக்காக்காரன் வீட்டுச் சாப்பாட்டறைக்கா?

பிப்ரவரி 17
போட்டேன். ஒரே ஓட்டில் ஜெயித்தோம். எங்கள் பக்கம் ஒரே ஆரவாரம். எதிர்வரிசையில் யாரும் கத்தவில்லை, என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். கத்தியிருக்கலாம்.

மார்ச் 2
"கிளப்புல உங்களோட யாராவது சாப்பிட உட்கார்றாங்களா?" என்று ஹொனோரியா கேட்டாள். இல்லை என்றேன். "போகட்டும், படத்தைக் காப்பாத்திட்டீங்களே" என்றாள். என் மனைவி பாராட்டுகிறாளா, குத்துகிறாளா? கேட்கப் பயமாக இருந்தது.

ஏப்ரல் 9
நார்ஃபோக்கில் இருக்கும் எங்கள் கிராமத்து வீட்டிலிருந்து தந்தி. ஹொனோரியாவுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. வீட்டிலேயே அறுவை செய்யப்போகிறார்கள்.

இன்றைக்கென்று பார்த்து நம்பிக்கை ஓட்டெடுப்பு. ஜெர்வேஸ் வாசலை மறிக்கிறார். "ஜோடி இல்லாம நீங்க போனா அரசாங்கமே கவுந்துடும்." இந்த மனுஷன்தானே அன்றைக்கு என்னை—

எதிர்வரிசையில் ஒவ்வொருவரிடமாகப் போய்க் கெஞ்சினேன். ஒருவன் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான். "யாரு, உங்க சொல்லை நம்பியா?" என்றான் இன்னொருவன். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அதே நாள், ரயிலில்
சபையில் நான் கெஞ்சிக்கொண்டிருந்தபோதே லிட்டன் கைத்தடி ஊன்றி வந்தான். நோய்க்குப் பிறகு இன்றுதான் சபைக்கு வருகிறான். எலும்பும் தோலுமாக இருந்தான்.
"விஷயம் கேள்விப்பட்டேன். நான் போடலே. நீ கிளம்பு."
"லிட்டன், இந்தத் தடவை சத்தியமா நான்—"
"உன் சத்தியத்தை யார் கேட்டா? என் சொல் போதும். போய் ஹொனோரியாவைப் பாரு."
நீட்டிய கையை அவன் பிடிக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்கிறது. ஐயோ, இந்த ரயில் ஏன் இப்படி ஊர்கிறது? அவள் பிழைத்தால் போதும்.

ஏப்ரல் 10
பிழைத்துவிட்டாள். காலையில் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். அரசாங்கமும் பிழைத்தது.

ஓட்டு விவரம் செய்தித்தாளில் வந்திருக்கிறது. அவள் மறுபடி தூங்கியதும் எடுத்து, ஆதரவு, எதிர்ப்பு இரண்டு பட்டியலிலும் விரல் வைத்துத் தேடினேன். லிட்டன் பெயர் எங்கும் இல்லை. சொன்னபடியே ஓட்டுப் போடாமல் இருந்திருக்கிறான்.

நான் தேடியிருக்கக் கூடாது.