கொள்ளிடத்தில் கிடைத்த பிக்கப்பின் சேஸிஸ் எண்

ஜூன் 2, திங்கள்

காலையிலேயே வெயில் கொளுத்தல். பள்ளிக்கூட யூனிபார்ம் பாதி பாக்கி. கடையைத் திறந்து மெஷினில் உட்கார்ந்ததும் பால்காரர் வந்தார். "கலா, கொள்ளிடத்துல புதுப் பாலத்துக்குக் குழி தோண்டுறாங்கல்ல, அங்க ஜேசிபில ஒரு பழைய பிக்கப் மாட்டியிருக்கு. போய்ப் பாரு."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தது நினைவிருக்கிறது. கடையைப் பூட்டினேனா, தெரியவில்லை.

அப்பா காணாமல் போனபோது நான் பத்தாவது. ஐப்பசி வெள்ளம். அக்கரைக்கு உர மூட்டை ஏற்றிப் போனவர் திரும்பவில்லை. தரைப்பாலத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றார்கள். ஆளும் கிடைக்கவில்லை, வண்டியும் கிடைக்கவில்லை. அப்புறம் எவனோ, நாகூரில் ஒருத்தியோடு பார்த்தேன் என்றான். ஊர் அதையே பிடித்துக்கொண்டது. அம்மா எத்தனை முறை நாகூர் போயிருப்பாள், போட்டோவைத் தெருத் தெருவாகக் காட்டிக்கொண்டு. இன்னும் தாலியும் பொட்டும். ஆனால் கல்யாண வீட்டில் ஆரத்தி எடுக்க யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை.

வண்டி: மணல் அடைத்த துருக்கூடு. நம்பர் பிளேட் இல்லை. ஜீப் மாதிரி மூக்கு. அப்பாவுடையதும் அப்படித்தான், அப்போதே அரதப் பழசு. உள்ளே மணலை அள்ளிப் பார்த்தார்கள். எலும்பு எதுவும் இல்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. வெயில் தலைவலி என்றேன்.

ஜூன் 3, செவ்வாய்

ஸ்டேஷன். எஸ்.ஐ. நல்ல மாதிரிதான். "ஏம்மா, அந்தக் காலத்துல இந்த மாதிரி வண்டி ஊருக்கு நாலு இருந்திருக்கும். நம்பர் இல்லாம நான் என்னன்னு எழுதுறது? சேஸிஸ் நம்பர் கொண்டாங்க. ஆர்.சி.யோட ஒத்துப்போச்சுன்னா பழைய கேஸைத் திறக்கலாம்."

ஆர்.சி. ஜெராக்ஸ் என்னிடம் உண்டு. அப்போது புகாரோடு கொடுத்ததன் நகல். சேஸிஸ் எண் 61847.

மத்தியானம் ஆற்றில். கால் பொசுங்குகிற மணல். இன்ஜினுக்குப் பின்னால் தகட்டில் எண் இருக்கும் என்று மேஸ்திரி சொன்னார். தகடு இல்லை, ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும். போனில் வீடியோ தேடிப் பார்த்தேன். வலது முன்சக்கரத்துக்குப் பின்னால், அடிச்சட்டத்திலேயே குத்தியிருப்பார்களாம். மல்லாந்து படுத்துக்கொண்டு மண்ணெண்ணெய் ஊற்றி, எமரித் தாளால் துருவைத் தேய்த்தேன். கண்ணெல்லாம் துரு. தையல் சாக்பீஸை மேலே தேய்த்ததும் எழுத்து வெள்ளையாக எழும்பியது.

R 2 7 0

அதற்கு மேல் இல்லை. சட்டத்தின் மேல் யாரோ, விரிசலுக்கு ஒட்டுப் போட்ட மாதிரி, ஒரு இரும்புப் பட்டையை வெல்டிங் வைத்திருக்கிறார்கள்.

எஸ்.ஐ.க்கு போட்டோ அனுப்பினேன். உடனே போன். "உங்க ஆர்.சி.ல ஆறுல ஆரம்பிக்குது. இதுல ஆர் ரெண்டு ஏழு. இது வேற வண்டிம்மா. மனசத் தேத்திக்குங்க."

காண்ட்ராக்டர் வண்டியைக் காயலான் கடைக்குக் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை வெட்டி எடுக்கிறார்கள்.

ஜூன் 4, புதன்

தூக்கம் இல்லை. சட்டையில் காலர் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்தேன்.

இது அப்பா வண்டி இல்லையென்றால் அப்பா நாகூரில். அப்படித்தானே? பெற்ற தகப்பன் அன்றைக்கே செத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் அதுதான் உண்மை.

மஸ்கட்டிலிருந்து தம்பி: "விடுக்கா. தெரிஞ்சு என்ன பண்ணப்போற?" அவனுக்கு அப்போது நாலு வயது. அவனை யாரும் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி "உங்கப்பன் எங்கடா?" என்று கேட்டதில்லை. என்னைக் கேட்டார்கள்.

அரிசி, துவரம்பருப்பு, ஜிப் 2 டஜன் வாங்க வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

பட்டையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். R270க்குப் பிறகு அங்கே ஏதோ இருக்கிறது. அதே மாதிரி வண்டி இன்னொன்று பார்த்தால் தெரியும். கடைக்கு வந்த டீச்சர் சொன்னார், கும்பகோணத்தில் ஆரோக்கியசாமி என்று ஒருவர் மாதா கோயில் தேர்பவனிக்கு இப்படி ஒரு பிக்கப் வைத்திருக்கிறாராம். நாளைக்குக் கடை லீவு.

ஜூன் 6, வெள்ளி

கும்பகோணம் பஸ்ஸில் நின்றுகொண்டே. ஆரோக்கியசாமி, எழுபது வயதிருக்கும். விஷயம் சொன்னேன். வண்டிக்கடியில் விரிக்கச் சாக்கு கொண்டுவந்து போட்டார்.

அவர் வண்டியின் சட்டத்தில் R270, தொடர்ந்து ஐந்து எண்கள்.

அவர் ஆர்.சி.யில் வெறும் ஐந்து எண்கள். R270 இல்லை!

"ஆரம்பத்துல வர்றது மாடல், தங்கச்சி," என்றார். "ஆர்னா வலது பக்க ஸ்டீரிங். அந்த மாடல் எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான். பின்னாடி வர்றதுதான் வண்டிக்குன்னு உள்ள நம்பர். ஆர்.டி.ஓ. ஆபீஸ் கிளார்க் அத மட்டும் எழுதியிருப்பாரு."

அங்கேயே அழுதுவிட்டேன். அவர் மனைவி காபி கொடுத்தார். எஸ்.ஐ. போன் எடுக்கவில்லை.

ஜூன் 7, சனி

நான் போய்ச் சேரும்போது வண்டியின் பின்பக்கம் இரண்டு துண்டு. கேஸ் கட்டர் முன்பக்கம் வந்துகொண்டிருந்தது.

"அண்ணே, நிறுத்துங்க!"

"அட, தள்ளுங்க. லாரி வெயிட்டிங்."

பானெட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். இரும்பு சுட்டது. இந்த வயதில், அத்தனை ஆண்களுக்கு நடுவில். வெட்கப்பட நேரமில்லை. அப்பா, வெள்ளம், நாகூர், எல்லாவற்றையும் கத்தினேன். காயலான் கடைக்காரர் கட்டரை அணைத்தார்.

"இறங்குங்கம்மா. எந்த இடம், காட்டுங்க."

கிரைண்டரால் வெல்டிங்கை அறுத்தார். பட்டை விழுந்தது. அடியில் துருவே ஏறவில்லை. 6. 1. அடுத்தது மூன்றா எட்டா? வெல்டிங் வழிந்து பாதி மூடியிருந்தது. நகத்தால் தடவினேன். இடது பக்கமும் வளைவு இருந்தது. எட்டு. பிறகு 4. 7.

கடைக்காரர் என் ஜெராக்ஸை வாங்கி ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். "அந்தச் சட்டத்த நான் எடுக்கலம்மா. போலீஸ் வரட்டும்," என்றார்.

எஸ்.ஐ. வந்தார். பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேம்மா."

"எந்தப் பக்கம் பாத்துக் கெடந்துச்சு வண்டி?"

வீட்டைப் பார்த்து என்று பொய் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. "கிழக்க."

"அது தண்ணி திருப்புனது," என்றாள். "அவரு இந்தப் பக்கந்தான் வந்துகிட்டிருந்தாரு."

எழுந்து கொல்லைக்குப் போனாள். தலைக்கு ஊற்றிக்கொள்கிறாள். ஒரு குடம். இன்னொரு குடம். அழுகைச் சத்தம் இல்லை, தண்ணீர்ச் சத்தம் மட்டும். இன்னும் நிறுத்தவில்லை. துண்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும்.