பதினேழாம் நம்பர் போன்

நவ. 11, செவ்வாய்

மழை. குடையை ஆபீஸ்லயே மறந்தாச்சு. வீட்ல நெட் போச்சு, வந்தது, போச்சு. சீரியல் பாதியில நின்னதுக்கு எனக்குத் திட்டு. "நெட்வொர்க் வேலை பாக்கறாளாம்!" அம்மா. சரின்னு லேப்டாப்ல ரவுட்டர் பக்கத்தைத் திறந்தேன். எந்தக் கருவிக்கு எந்த எண்ணுன்னு பட்டியல்:

டிவி – 4
அப்பா போன் – 6
அம்மா போன் – 7
லேப்டாப் – 9
பாபு போன் – 17

பாபுவா? தம்பி வீட்டை விட்டுப் போய் முப்பத்தெட்டு நாள் ஆச்சு. மத்ததுக்கெல்லாம் ரவுட்டரே ஏதோ ஒரு எண்ணைக் கொடுக்கும். 17 மட்டும் அவன் கேம் ஆட நான் நிரந்தரமா ஒதுக்கினது. சிக்னல் ஒரு கோடு. அப்படின்னா கேட்டுக்கு வெளியே நிக்கறான். ஜன்னலுக்கு ஓடினேன். வெறும் குடைகள். திரும்பி வந்தா 17 இல்லை.

யார்கிட்டயும் சொல்லலை. அவன் ஏன் போனான்னு அவங்களுக்குத் தெரியாது. வேலை போய் உக்காந்திருந்தவன்கிட்ட நான் கேட்டது: "நீயெல்லாம் இந்த வீட்ல ஒரு ஆளாடா?" இந்த நாக்கை என்ன பண்றது.

நவ. 12, புதன்

தேனாம்பேட்டை ஆபீஸ். தி.நகர் பாத்திரக்கடை பாய் போன்ல ஒரே சத்தம். கடை கேமரா வீட்லேருந்து தெரியலையாம். விளக்கினேன். கடைக்குள்ள எத்தனை கருவி இருந்தாலும் வெளியே ஒரே முகவரிதான். உள்ளேருந்து ஒண்ணு முதல்ல கேட்டாத்தான், வர்ற பதிலை யார்கிட்ட கொடுக்கணும்னு ரவுட்டருக்குத் தெரியும்.

"அப்ப நான் வெளிய நின்னு கூப்ட்டா தொறக்காதா? என் கடைம்மா அது!"

"திறக்காது பாய். உள்ளேருந்து முதல்ல பேசணும்."

சரி பண்ணிக் கொடுத்துட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

வீட்ல, மாலை 6.38. மறுபடி 17. போன் பண்ணா போகாது, என்னை பிளாக் பண்ணிட்டான். அம்மாகிட்ட மட்டும் பேசுவான், இடம் சொல்ல மாட்டான். படி வரைக்கும் போனேன். எந்த மூஞ்சியோட கீழே இறங்கறது? திரும்பிட்டேன்.

பால்கனில நின்னு அக்கம்பக்கத்து வைஃபை பேரெல்லாம் பாத்துக்கிட்டிருந்தேன். பாபு இருந்தா ஒவ்வொண்ணா படிச்சுக் கேலி பண்ணுவான். எங்க போனாலும் அவனுக்கு அதே வேலை.

நவ. 13, வியாழன்

அப்பா மதியம் கேபிள்காரரை வரவழைச்சு பாஸ்வேர்டை மாத்திட்டார்! மாடி வீட்டுக்காரங்க நம்ம நெட்டை உறிஞ்சறாங்களாம். கத்தினேன்.

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"என் வீட்டு நெட்டுக்கு நான் யாரைக் கேக்கணும்?"

கீழே ஓடினேன். கேட்டுக்கு எதிரே இஸ்திரி வண்டி குமார் அண்ணன். "இப்பதாம்மா பாபு நின்னுக்கினு இருந்தான். போனையே பாத்துக்கினு இருந்தான். இன்னாடான்னேன். 'பாஸ்வேர்டையும் மாத்திட்டாங்கண்ணே'ன்னான். பைக்க எடுத்துக்கினு பூட்டான்."

ஐயோ. அவனைத் தடுக்கத்தான் மாத்தினோம்னு நினைச்சுட்டான்.

நவ. 14, வெள்ளி

பழைய பாஸ்வேர்டையே திரும்பப் போட்டேன். அப்பா முறைச்சார். முறைக்கட்டும். மாலை 6, 6.30, 7. வரலை. தோசை ரெண்டு கருகிச்சு.

அப்புறம் தோணிச்சு. விருந்தாளிகளுக்குன்னு ரவுட்டர்ல இன்னொரு வைஃபை பேர் வைக்கலாம். தமிழ்ல அடிச்சா பாதிதான் ஏறுது. இங்கிலீஷ் எழுத்துல அடிச்சேன்: பாபு சாரிடா மேல வா.

தெரு முழுக்கத் தெரியும். மானம் போகும். போகட்டும்.

நவ. 15, சனி

படியில மாடி வீட்டு மாமி. "ஏண்டி, என் போன்ல பாபு சாரிடான்னு வந்துண்டே இருக்கே! அவனை யாரு என்ன சொன்னா?"

"நான்தான் மாமி. அசிங்கமா பேசிட்டேன்."

பின்னாடி அம்மா, கையில காய்கறிப் பை. எல்லாத்தையும் கேட்டுட்டா. பையோட என்னைத் தாண்டி உள்ளே போயிட்டா. அதுக்கு ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

இன்னைக்கும் 17 வரலை.

நவ. 16, ஞாயிறு

மழை விட்டாச்சு. துணி காயலை. மூணு மணியிலேருந்து லேப்டாப் முன்னாடி. எழுந்தேன், உக்காந்தேன், எழுந்தேன்.

6.51. 17. ஒரு கோடு.

6.55. போகலை.

அம்மா: "என்னடி அதையே பாத்துக்கிட்டிருக்க?"

"பாபு. கீழ நிக்கறான்."

அம்மா உலையில இன்னும் ஒரு ஆழாக்கு அரிசி போட்டா.

7.02. ரெண்டு கோடு. கேட்டுக்குள்ள வந்துட்டான்.

மூணு. படியில.

நாலு. இன்னும் பெல் அடிக்கலை. நானே போய்த் திறக்கறேன்.