குளிர் அறையில் ஐந்து நாள்

என் உருண்டைக்கு,

அம்மா எழுதுவது. வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அங்கே பனி இறங்கிவிட்டது என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா. இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. இருக்கிறேன், அவ்வளவுதான். முழங்கால் வீங்கியிருக்கிறது. உன் அத்தை என்னோடு வந்து தங்கியிருக்கிறாள், தன் அண்ணன் போனதிலிருந்து அவளுக்கு வாயே இல்லை, அவள் பேசாமல் இருப்பாள் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்திருப்பார். போனில் சொல்ல முடியாத ஒன்றைத்தான் எழுதுகிறேன். போனை யார் யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்று நம் கேஸைப் பார்க்கிற வக்கீல் சொல்கிறார், அது பாதி. உன் குரலைக் கேட்டால் சாப்பிட்டாயா என்று மட்டும்தான் எனக்குக் கேட்க வரும், அது மீதி. டப்பா மேல் ருசியும் தேதியும் எழுதிப் பழகின கை இது, தப்பும் தவறுமாகத்தான் வரும், கூட்டிப் படித்துக்கொள்.

போன வாரம் நீ அங்கே கூட்டத்தில் பேசியதை வக்கீல் தன் போனில் போட்டுக் காட்டினார். கழுத்தெலும்பு தெரிய இளைத்துப் போயிருக்கிறாய். அப்பாவைக் கொன்றது போதாதென்று உடம்பையும் கெடுத்துச் சாட்சியை அழித்துவிட்டார்கள் என்று நீ சொன்னதும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அடியே, உடம்பைக் கெடுத்தது அவர்கள் இல்லை. நான்தான்.

அப்பா சின்ன வயதிலிருந்தே போராளி என்றும் சொன்னாய். அதுவும் இல்லை. கல்யாணமான புதிதில் அவருக்கு ஐஸ்கிரீமை விட்டால் வேறு உலகம் கிடையாது. ஒற்றை அறை வீட்டில் மர வாளியில் ஐஸும் உப்பும் கொட்டி நான் பிடியைச் சுற்றுவேன், அவர் கரண்டியும் கையுமாக உட்கார்ந்து ருசி பார்ப்பார். இன்னும் கொஞ்சம் சுத்து, நறநறங்குது என்பார். நறநறங்குதுன்னா கரண்டியை இங்க குடுத்துட்டு நீங்க வந்து சுத்துங்க என்பேன். தள்ளுவண்டி போய் மெஷின் வந்து, ஷெட் போட்டு, நாற்பது பேர் வேலை செய்யும் கம்பெனி ஆன பிறகும் காலையில் வருகிற ஒவ்வொரு கேன் பாலிலும் ஒரு கரண்டி அவர் வாயில் பட்டால்தான் உள்ளே போகும். அப்படித்தான் ஒரு நாள் துப்பினார். ஓடைக்கரையில் மாடு வைத்திருக்கும் பால்காரம்மாவின் பால். கசக்குது, மருந்து வாடை அடிக்குது என்று அத்தனையையும் சாக்கடையில் ஊற்றினார். அவள் அழுதுகொண்டே, தண்ணி கலக்கலைங்க, என் பிள்ளை மேல சத்தியம் என்றாள். கலந்தது நீ இல்லம்மா என்று சொல்லிவிட்டு ஓடையோரமாகவே மேற்கே நடந்தார், போட்ட செருப்போடு, சாப்பிடாமல். சாயக் கம்பெனியின் குழாய் ஓடைக்குள் இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். அன்று பிடித்ததுதான் இந்தப் போராட்டம்.

வாராவாரம் ஓடைத் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்து வந்த முடிவை ஐஸ்கிரீம் மூடியின் உட்பக்கம் அச்சடித்தாரே, அது உனக்குத் தெரியும். மூடியை எவன் படிப்பான் என்று கேட்டேன். நக்கினா தானா தெரியும்டி என்றார். தெரியத்தான் செய்தது, பிள்ளைகள் படித்து வீட்டில் கேட்டார்கள், வீட்டில் கேட்டது தெருவில் கேட்டது. நீ ஊரை விட்டுப் போன பிறகு ஒன்று நடந்தது. ஒரு வாரம் சாயக் கழிவின் எண் தப்பாக, இருப்பதைவிட அதிகமாக அச்சாகிவிட்டது. சரக்கு கடைக்கெல்லாம் போய்விட்டது. நமக்குச் சாதகமாத்தானே இருக்கு, விடுங்களேன் என்றேன். அவன் பொய் சொல்றான்னு சொல்ற வாயால நாம ஒரு பொய் சொல்லிட்டா அப்புறம் நம்ம உண்மையையும் எவன் நம்புவான் என்று கடை கடையாகப் போய் அவரே திருப்பி எடுத்துக்கொண்டு வந்தார். நான் ஏன் இதை எழுதுகிறேன் என்று உனக்குப் புரியட்டும்.

குழாயை மூடச் சொல்லிச் சாயக் கம்பெனி வாசலில் உட்கார்ந்தவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றினார்கள். மற்றவர்களை மாலையில் விட்டார்கள், அவரை விடவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, குளியலறையில வழுக்கி விழுந்துட்டார், நெஞ்சு நின்னுபோச்சு என்றார்கள். பிணவறையில் நான் துணியை விலக்கிப் பார்த்தேன். முதுகில் கட்டை அகலத்துக்குக் கன்றிப்போன கோடு, ஒன்றின் மேல் ஒன்றாக. உள்ளங்கால் இரண்டும் ஊதி, தொட்டால் அமுங்கியது. வக்கீல் அவசரமாக எடுத்த இரண்டு படமும் அந்த அறை வெளிச்சத்தில் கருப்பாக விழுந்தன. அப்போதுதான் நீ போன் பண்ணினாய். அடக்கம் பண்ணாதேம்மா, வேற டாக்டர் பார்க்கணும், அதுவரைக்கும் பத்திரமா வை என்று அழுதாய். இங்கே கால் வைத்தால் உன்னையும் பிடித்துக்கொள்வார்கள் என்று உன்னை வராதே என்றதே நான்தானே, நீ கேட்ட இதையாவது சரியாகச் செய்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் பிணவறைக் குளிர்பெட்டி ஓடவில்லை என்றார்கள், எடுத்துட்டுப் போங்க, இல்லைன்னா நாங்களே அடக்கம் பண்ணிடுவோம் என்றார்கள். நம் சரக்கு வண்டியிலேயே கொண்டுவந்தோம். மெஷின்காரர் இருக்கிறாரே, தடிக் கோட்டைப் போட்டுக்கொண்டு திரிவதால் நீ பனிக்கரடி என்று பேர் வைத்தவர், அவர் அழுதுகொண்டே சின்னக் குளிர் அறையைக் காலி செய்து கழுவினார். அக்கா, எத்தனையில வைக்கட்டும் என்று கேட்டார். எவ்வளவு கீழ போகுமோ அவ்வளவு கீழ போகட்டும் என்றேன். மைனஸ் இருபத்தைந்தில் வைத்தார். அங்கே நின்ற நாற்பது பேரில் ஒருவர் வாயிலும் வேறு வார்த்தை வரவில்லை. நமக்குத் தெரிந்த கெடுதல் ஒன்றே ஒன்றுதான், உருகுவது. உருகி மறுபடி உறைந்ததை உன் அப்பா விற்றதே இல்லை. அதனால் ஐந்து நாளும் கதவைத் திறக்கவே இல்லை. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் நிற்காமல் ஓட வேண்டும் என்று டீசல் கேனோடு முறை போட்டுக் காத்தார்கள். நான் காலையில் ஒரு தரம் சாயங்காலம் ஒரு தரம் போய்க் கதவில் கை வைத்துப் பார்ப்பேன். ஜில்லென்று இருக்கும். பத்திரமாக இருக்கிறார் என்று எனக்கு ஒரு பெருமைகூட இருந்ததடி, அதை நினைத்தால்தான் இப்போது சோறு இறங்கவில்லை.

ஆறாம் நாள் கோர்ட் உத்தரவோடு டாக்டரம்மா வந்தாள். நல்ல பெண், போலீஸ்காரரை அதட்டி வெளியே நிறுத்தியவள். கதவைத் திறந்து தொட்டுப் பார்த்துவிட்டு, யாரும்மா இவரை இப்படிக் கல்லாக்கினது என்றாள். நாலு டிகிரி போதுமாம். வீட்டு ஃபிரிட்ஜில் காய்கறி வைக்கிற குளிர்ச்சி. உறையவே கூடாதாம். இளக மூன்று நாள் ஆயிற்று. இளகியபோது ரத்தம் உள்ளுக்குள்ளேயே கசிந்து உடம்பெல்லாம் ஒரே நிறமாகப் பரவிவிட்டது, உள்ளங்கால் தோல் கழன்றுவிட்டது. நான் பார்த்த கோடுகளைக் காட்டலாம் என்று குனிந்தேன், எது கோடு எது கசிவு என்று எனக்கே தெரியவில்லை. விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது. அதற்கு அவர்கள், உயிரைக் காப்பாத்த நெஞ்சை அமுக்கினோம், அதுல முறிஞ்சது என்கிறார்கள். அடிச்சதுன்னும் என்னால எழுத முடியாது, அடிக்கலைன்னும் எழுத முடியாது, உங்க மேல தப்பில்லம்மா, தெரியாமத்தானே செஞ்சீங்க என்று டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் அடக்கம் பண்ணினோம்.

சாப்பாட்டுப் பொருள் செய்கிற இடத்தில் பிணம் வைத்தோம் என்று சுகாதார அதிகாரிகள் வந்து கம்பெனிக்குச் சீல் வைத்துவிட்டார்கள். நாற்பது பேரும் வீட்டில் இருக்கிறார்கள். பால்காரம்மா பாலை என்ன செய்வது என்று வந்து நிற்கிறாள். சாயக் குழாய் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பனிக்கரடி வீட்டை விட்டு வெளியே வருவதில்லை, சுவிட்சைத் திருப்பினது என் கைதானே அக்கா என்கிறார். திருப்பச் சொன்னது என் வாய் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். நீ ஒரு தரம் அவருக்குப் போன் பண்ணு, திட்டாதே. போராட்டக் கமிட்டிக்காரர்கள், ஆஸ்பத்திரியிலேயே கெட்டுப்போய்த்தான் நம்ம கைக்கு வந்ததுன்னே இருக்கட்டும், வெளியே மூச்சு விடாதீங்க என்கிறார்கள். உன் காதுக்கு வந்ததும் அதுதான், நீ பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் இனிமேல் சொல்லாதே. அம்மா தன் கண்ணால் அடியைப் பார்த்தாள் என்று சொல், அது உண்மை. நாங்கள்தான் உறைய வைத்தோம் என்றும் சொல், அதுவும் உண்மை. அடுத்த மாதம் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். இரண்டையும் சொல்லத்தான் போகிறேன். புருஷனை ஐஸ்கிரீமாக்கினவள் என்று அங்கே ஒருத்தன் சிரிப்பான், சிரிக்கட்டும். கேஸ் தோற்றுப்போகும் என்று வக்கீல் தலையில் அடித்துக்கொள்கிறார், நீயும் என் மேல் கோபப்படுவாய், படு, ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கோபப்படு.

உன் தலையில் கை வைக்க எனக்கு எட்டவில்லை, வைத்ததாக நினைத்துக்கொள். நீ நோய்நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல் நெடுநாள் இருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு கூட்டத்துக்குப் போகாதே. கம்பளிக் குல்லாவை மறக்காதே. இதைக் கொண்டுவருகிற வக்கீலின் மருமகளிடம் ஒரு வரியாவது எழுதிக் கொடுத்தனுப்பு.

உன் அம்மா.

அன்றைக்குப் போனில், எத்தனையில் வைக்கட்டும் என்று நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், உனக்காவது தெரிந்திருக்குமாடி?