அக்கா பார்க்காத படங்கள்

காமயகவுண்டன்பட்டி,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஓவியாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை இனியனும் ஒரு தலைவலி காய்ச்சல்கூட இல்லாமல் இருக்க வேண்டும் என்று சாமி கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நானும் உங்கப்பாவும் சுகமாக இருக்கிறோம். அவருக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் சொன்னால் கேட்பதில்லை, கவாத்து முடிந்து திராட்சைக் கொடி தளிர் விட்டிருக்கிறது என்று விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விடுகிறார். சாரல் விட்டுவிட்டுப் பெய்கிறது. போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். நாம் பேசினால் உங்கப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அவர் இல்லாத நேரத்தில் எனக்குப் பேச்சு கோவையாக வரமாட்டேன் என்கிறது. எதிர்வீட்டு யுவராணி லீவு முடிந்து பதினெட்டாம் தேதி ஜெர்மனிக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்து விடுகிறேன். அவசரமில்லாமல் உட்கார்ந்து படி.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா குளிக்கப் போயிருந்தபோது நீ சொன்னாயே, கம்பெனி வேலையை விட்டு மூன்று மாதம் ஆகிறது, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற படிப்பில் சேர்ந்திருக்கிறேன், இரண்டு வருஷப் படிப்பு, மாப்பிள்ளைக்குச் சம்மதம்தான், அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று. நான் சரி என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். உன் மேல் கோபமில்லை தாயி. ஆனால் அந்தச் சரி என்ற சொல் அன்றைக்கு முழுக்க என்னைப் போட்டு அறுத்தது. ஏன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டுமானால் உன் பொன்னாத்தா பெரியம்மாவைப் பற்றி இதுவரை உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினெட்டு. அனுமந்தன்பட்டியில் இருந்தோம். அக்கா பள்ளிக்கூடம் முடித்ததோடு எங்கய்யா போதும் என்று நிறுத்திவிட்டார். ஆனால் சினிமாவுக்குத் தடை சொன்னதில்லை. வாரத்தில் ஒரு நாள் நானும் அக்காவும் உத்தமபாளையத்துக்கு நடந்து போய் மேட்னி பார்த்துவிட்டு வருவோம், அவளுக்கு நான் துணை. ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பெண்கள் எல்லாம் போவார்கள், அக்கா சனிக்கிழமையைத்தான் பிடித்துக்கொள்வாள். கூட்டம் இருக்காது என்பாள். உண்மை என்னவென்றால் அவள் ஒரு படம்கூடப் பார்க்கவில்லை. தியேட்டருக்கு இரண்டு தெரு தள்ளி ஜாய்ஸ் டீச்சர் என்று ராயப்பன்பட்டிக்காரர் ஒருவர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினார். அக்கா என்னைப் பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழிக்கிற பஞ்சம்மாளிடம் விட்டுவிட்டு அங்கே போய்விடுவாள், படம் விடுகிற நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பாள். முதல் தடவை விளக்கை அணைத்ததும் நான் அழுதேன். பஞ்சம்மாள் தன் முக்காலியைக் கதவோரம் போட்டு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டது. அப்புறம் பழகிவிட்டது. சண்டை வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் அக்காவுக்குக் கதை சொல்ல வேண்டும். எந்த இடத்தில் பாட்டு வந்தது, கதாநாயகி என்ன கலர் சேலை கட்டியிருந்தாள், வில்லன் எப்படிப் பிடிபட்டான் என்று துருவித் துருவிக் கேட்பாள். வீட்டுக்கு வந்ததும் எங்கம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து உட்கார்ந்து, சொல்லுங்கடி என்ன கதை என்று கேட்கும். நான் தட்டுத்தடுமாறிச் சொன்னதை அக்கா அழகாகச் சொல்வாள், சிரிக்கிற இடத்தில் சிரிப்பாள், அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்கும். மற்ற நாட்களில் அக்கா ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கம் கட்டம் கட்டமாக எழுத்துகளை வரைந்து அதன் மேல் விரலை ஓட்டிப் பழகுவாள். யாராவது வந்தால் அட்டை பாய்ச் சுருளுக்குள் போய்விடும். கவர்மெண்ட் ஆபீசில் டைப்பிஸ்ட் ஆகிவிட்டால் அய்யா ஒன்றும் சொல்லமாட்டார், ஆர்டர் கைக்கு வந்த பிறகு காலில் விழுந்துகொள்ளலாம் என்பதுதான் அவள் கணக்கு.

டைப்ரைட்டிங் பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. அந்தச் சனிக்கிழமை எனக்கு லேசாகக் காய்ச்சல். தொலைந்துபோன மகனைத் தேடி ஒரு தாய் ஊர் ஊராக அலைகிற படம். இடைவேளைக்குப் பிறகு நான் பஞ்சம்மாள் மடியில் தூங்கிப்போனேன். எழுப்பும்போது ஜனங்கள் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். அக்காவிடம் தூங்கிவிட்டேன் என்று சொல்ல வெட்கம். அந்தத் தாய் மகன் மடியில் தலைவைத்துச் செத்துப் போய்விட்டாள் என்று நானாக ஒரு முடிவைச் சொன்னேன். அக்கா அதை அப்படியே வீட்டில் சொல்ல, அம்மா அன்றைக்கு நன்றாக அழுதது. திங்கட்கிழமை எங்கய்யா உத்தமபாளையத்துக்கு ஒரு வேலையாகப் போனவர் முதல் ஆட்டம் பார்த்துவிட்டு வந்தார். சாப்பிடும்போது, கடைசியில தாயும் மகனும் ஒண்ணு சேர்றதப் பாத்து தியேட்டரே கைதட்டிருச்சு என்றார். அம்மா யோசிக்காமல், அவ செத்துப் போனாள்ல என்று கேட்டுவிட்டது. யாரு சொன்னா என்று கேட்டார். அம்மா அக்காவைப் பார்த்தது, அக்கா என்னைப் பார்த்தாள். அய்யா கையைக் கழுவிவிட்டு என்னை மட்டும் வாசலுக்குக் கூப்பிட்டு, கஸ்தூரி, நீ சொல்லாத்தா, படம் பாக்கிறப்ப அக்கா ஒம் பக்கத்துலதான் உக்காந்திருந்தாளா என்று மெதுவாகக் கேட்டார். அதட்டியிருந்தால்கூடப் பொய் சொல்லியிருப்பேன். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

டைப்ரைட்டிங் போனதை அக்கா ஒத்துக்கொண்டபோது அய்யா அடிக்கவில்லை, வையவில்லை. பாளையத்துக்குப் போவது மட்டும் நின்றது. ஜாய்ஸ் டீச்சர் வீடு தேடி வந்து, பிள்ளை நன்றாக டைப் அடிக்கிறாள், பரீட்சையை மட்டும் எழுதட்டும் என்று கேட்டார். அய்யா அவருக்கு நாற்காலி போட்டு, காபி கொடுக்கச் சொல்லி, பொம்பளப் பிள்ளைக்கு அந்த மிஷினெல்லாம் எதுக்கு டீச்சர், நீங்க வந்ததே எங்களுக்குப் பெரிசு என்று மரியாதையாக அனுப்பிவைத்தார். அம்மா காபி டம்ளரை வாங்கிக்கொண்டு கதவோரம் நின்றது. பரீட்சை நாள் வந்தது, போனது. வைகாசியில் அக்காவைப் பூண்டு வியாபாரம் செய்கிற உன் பெரியப்பாவுக்குக் கட்டிக்கொடுத்து வடுகபட்டிக்கு அனுப்பினார்கள். பெரியப்பா தங்கமான மனிதர், அக்காவுக்கு ஒரு குறையுமில்லை என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் இத்தனை வருஷமும் அந்த இல்லை என்ற ஒரு சொல்லால் அவள் வாழ்க்கையை நான்தான் வேறு பக்கம் திருப்பிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு முள் கிடந்தது. அவளிடம் கேட்கத் தைரியம் வந்ததில்லை.

நீ போனில் சொன்ன பிறகு இருப்புக் கொள்ளாமல் செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி வடுகபட்டிக்குப் போனேன். அக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உரித்துக்கொண்டே கேட்டேவிட்டேன், எம்மேல ஒனக்கு வருத்தம் உண்டாக்கா என்று. அவளுக்கு முதலில் எதைக் கேட்கிறேன் என்றே புரியவில்லை. புரிந்ததும், நீ ஒம்பது வயசுப் பிள்ள, அய்யா மொகத்தப் பாத்து எப்படிப் பொய் சொல்லுவ, அத நான் அன்னைக்கே விட்டுட்டேன் என்றாள். அடுத்த பூண்டை எடுத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள், அம்மாவுக்குத் தெரியும் கஸ்தூரி, பாயச் சுருட்டுறப்ப அந்த அட்டையப் பாத்துட்டாக, நான் எழுத்து உள்பக்கமா இருக்கத்தான் வைப்பேன், ஒருநா வெளிப்பக்கமா இருந்துச்சு, தெரிஞ்சும் எங்கிட்டயும் கேக்கல, அய்யாகிட்டயும் ஒரு வார்த்த பேசல, டீச்சர் வந்தப்பயும் டம்ளர வாங்கிக்கிட்டு நின்னாக, பேசி அவரு முடியாதுன்னு சொல்லியிருந்தா அது வேற, எனக்காகப் பேசவே இல்லையே, அதுதான் இன்னைக்கும் ஆறல என்றாள். அழவில்லை. உரித்த பூண்டில் பாதியை அள்ளி என் பையில் போட்டாள்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நான் இப்போது எங்கம்மா நின்ற இடத்தில் நிற்கிறேன். அதனால் புதன்கிழமை காலையில் உங்கப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன். நீ சொல்லாதே என்றாய், சொல்லிவிட்டேன், கோபம் வந்தால் என்னை நன்றாக வைதுகொள். எத்தன நாளா ஒனக்குத் தெரியும் என்று மட்டும் கேட்டார், ஞாயித்துக்கிழமையிலருந்து என்றேன். துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். மத்தியானம் வந்து சாப்பிட உட்கார்ந்தவர், எங்கிட்டச் சொல்ல அவளுக்கு என்ன பயம், நான் அவள ஒரு நாளாச்சும் வஞ்சிருக்கேனா என்றார். நான் சொன்னேன், வையல, ஆனா பாக்கிறவககிட்டயெல்லாம் எம்மக கம்பெனி எம்மக கம்பெனின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீக, அவ அதக் கேட்டுக்கிட்டுத்தான இருந்தா, இந்தப் படிப்பு அவளுக்குப் பிடிச்சிருக்கு, பிடிச்சதப் படிக்கட்டும், நான் அவ பக்கம்தான். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவரிடம் அப்படி நான் பேசியதில்லை. அவர் மோரை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிட்டார்.

நேற்று சாயங்காலம் டீக்கடையிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டே சொன்னார், உரக்கடை சுருளிராஜன், மக எப்படி இருக்கு, வேலையெல்லாம் எப்படின்னு கேட்டான், வேலைய விட்டுட்டா, டீச்சருக்குப் படிக்கிறான்னு சொன்னேன் என்று. அவன் என்ன சொன்னாக்க என்ன என்று அவரே சொல்லிக்கொண்டு உள்ளே போனார். இன்னும் அவருக்கு முழுசாக மனசு ஆறவில்லை, அது எனக்குத் தெரியும். நீயாகச் சொல்லும்வரை போனில் எதுவும் கேட்கப் போவதில்லை என்றும் சொல்லியிருக்கிறார். அதனால் இதைப் படித்து முடித்ததும் என் போனுக்கு அடிக்காதே. அவர் நம்பருக்கு அடி. என்ன படிப்பு, எத்தனை வருஷம், பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கப் போகிறாய் என்று உன் வாயால் சொல். அவர் பேசாமல் இருந்தால் வைத்துவிடாதே, கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

யுவராணியிடம் இட்லிப் பொடியும் புளியும் கொடுத்திருக்கிறேன். குளிர் தொடங்குமுன் நல்ல காலுறை வாங்கிக்கொள், ராத்திரி கண் விழித்துப் படிக்காதே, காலையில் எழுந்து படி. மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல். எடுத்த படிப்பு கைகூடி நீங்கள் இருவரும் மனநிறைவோடு இருக்க சுருளி வேலப்பர் துணை இருக்கட்டும்.

என்றும் உன் பக்கம் இருக்கும்
அம்மா
கஸ்தூரியம்மாள்