தங்காத அறையைப் பற்றி ஒரு புகார்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் "ம்" என்பாய், அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது, அதனால்தான் தாளில் எழுதுகிறேன், முடித்ததும் உன் தம்பி படம் பிடித்து அனுப்புவான். ஞாயிற்றுக்கிழமை தேர்வுப் பேச்சு வந்ததும் நீ பாதியில் போனை வைத்தது பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை, இதை முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. தம்பிக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டது, நம் கட்டட லிஃப்ட் மட்டும் மூன்று வாரமாக நின்றுகிடக்கிறது, கேட்டால் "அது வேற கம்பெனிப்பா" என்கிறான். அம்மா மூன்று மாடி ஏறி இறங்குகிறாள், அவள் ரத்த அழுத்தத்துக்கு அது நல்லதில்லை, ஆனால் அவளை ஏற்றி இறக்குவது படிக்கட்டு மட்டுமல்ல, உன் பிரெஞ்சுத் தேர்வும்தான்.

முதலில் ஒரு திருத்தம். போன மாதம் நீ எந்தத் தேர்வு எழுதலாம் என்று கேட்டபோது, கம்ப்யூட்டரில் எழுதுவதையே எழுது, மூன்று வாரத்தில் ரிசல்ட் வரும் என்றேன். நீ வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் உன்னோடு இருக்கும் பெண் சொன்னதை நீ என்னிடம் சொன்னாய், நான் அதையே உனக்குத் திருப்பிச் சொன்னேன். முப்பத்தொரு வருடம் நிருபராக இருந்தவன் விசாரிக்காமல் சொன்னது அது. இப்போது விசாரித்துவிட்டேன். இரண்டு தேர்வு மையங்களின் விதிகளையும் கம்ப்யூட்டரில் மொழிபெயர்த்து வரிவரியாகப் படித்தேன், குடியேற்ற அலுவலகத்தின் பக்கத்தையும் படித்தேன், அவர்கள் இரண்டையும் ஏற்கிறார்கள். வித்தியாசம் இதுதான்: கம்ப்யூட்டர் தேர்வில் கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது நான்கிலும் தனித்தனியாக அந்த நிலையை எட்ட வேண்டும், ஒன்றில் விழுந்தாலும் போச்சு. இன்னொன்றான டிப்ளமோ தேர்வில் நூற்றுக்கு ஐம்பது மொத்தமாக வந்தால் போதும், எதிலும் இருபத்தைந்தில் ஐந்துக்குக் கீழே போகக்கூடாது, அவ்வளவுதான். நீ அனுப்பிய மாதிரித் தேர்வுத் தாள் என் முன்னால் இருக்கிறது. பத்தொன்பது, இருபத்திரண்டு, பதினேழு, பேச்சில் மட்டும் எட்டு. மொத்தம் அறுபத்தாறு. டிப்ளமோவில் நீ பாஸ், மற்றதில் பேச்சு உன்னைக் கவிழ்த்துவிடும்.

அந்த எட்டு எப்படி வந்தது என்று எனக்குப் புரியவே இல்லை. தாளின் ஓரத்தில் உங்கள் டீச்சர் எழுதியிருந்ததை எங்கள் பத்திரிகையின் பழைய ப்ரூஃப் ரீடரிடம் எடுத்துப்போனேன், உனக்குத் தெரிந்த கண்ணாடிக்காரர்தான், அவருக்கு அந்த மொழி தெரியும். படித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கில் இறங்கிவிட்டது. தங்கிய ஓட்டல் அறையைப் பற்றி மேனேஜரிடம் புகார் சொல் என்றதற்கு, நான் அந்த ஓட்டலில் தங்கவில்லையே என்று சொல்லிவிட்டு நான்கு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தாயாமே. கடைசியாகப் போன பயணத்தைப் பற்றிக் கேட்டதற்கு, போகவில்லை என்றாயாம். மொழி தெரிகிறது, பேச மறுக்கிறார் என்று எழுதியிருக்கிறார்கள். "பேசத் தெரியாம இல்லய்யா, உன் பொண்ணு பொய் சொல்லமாட்டேங்கறா" என்றார் கண்ணாடிக்காரர். பிறகு என்னையே உட்காரவைத்தார், அவர் மேனேஜர், நான் தங்க வந்தவன், நம் மொழியிலேயே புகார் சொல் என்றார். நான் எந்த ஓட்டல், எந்தத் தேதி, அறை எண் என்ன என்று கேட்டேன். "யோவ், புகார் சொல்லச் சொன்னா விசாரணை நடத்துற. அப்பனுக்கும் மகளுக்கும் முட்டைதான்" என்றார்.

வீடு வரும் வரை அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். இரண்டாம் வகுப்பில் ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் பாம்பு வந்தது என்று ஓடி வந்தாய், நான் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உன்னை உட்காரவைத்து, யார் பார்த்தது, நீ பார்த்தாயா, எந்தக் கதவு வழியாக வந்தது, எத்தனை அடி என்று கேட்டேன். நீ அழுதுவிட்டாய். "சாப்பிடுற பிள்ளைகிட்ட என்னங்க விசாரணை" என்று அம்மா திட்டினாள். அதற்குப் பிறகு நீ பார்க்காத எதையும் பற்றிப் பேசியதில்லை, எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. உனக்கு அந்த எட்டு மார்க் போட்டது நான்தான்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். உன் வசிப்பு அட்டை ஆண்டு முடிவோடு காலாவதியாகிறது, மொழிச் சான்றிதழ் இல்லாமல் புதுப்பிக்கும் விண்ணப்பத்தை வாங்கமாட்டார்கள், அட்டை போனால் கிளினிக்கிலும் நிற்க முடியாது. டிப்ளமோ ரிசல்ட் வர எட்டு வாரம், அதற்குப் பிறகு உன் கையில் பதினொரு நாள் இருக்கும். குறைவுதான். ஆனால் மற்றதில் விழுந்தால் மறுபடி எழுத ஆண்டு முடிவதற்குள் அந்த மையத்தில் வேறு தேதியே இல்லை. டிப்ளமோவுக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நேரம் வெள்ளிக்கிழமை, உங்கள் ஊர் கடிகாரப்படி மாலை ஐந்து மணி. பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே பெயரை எழுது, ரசீதைப் படம் எடுத்துவை. தேர்வு நாள் வரை தினமும் பத்து நிமிடம் பொய் பேசிப் பழகு, குழாயில் தண்ணீர் வரவில்லை, தலையணை நாறுகிறது, ஜன்னல் மூடவில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொல். நான் குறுக்கே கேள்வி கேட்கமாட்டேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்று காலை அம்மாவுக்கு அழுத்தம் நூற்று எழுபத்தைந்து. கையில் பட்டையைக் கட்டிக்கொண்டே, "பேர் கொடுத்துட்டாளா?" என்று கேட்டாள், தினமும் கேட்பதுதான். கொடுத்துவிட்டாள் என்றேன். என்னையே பார்த்தாள். "யார் சொன்னா?" என்றாள், இத்தனை வருடம் என்னோடு இருந்து பழகிய கேள்வி. அவளே சொன்னாள் என்றேன். அரை மணி கழித்துப் பார்த்தபோது நூற்று நாற்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது.

விசாரிக்காத செய்தியைக்கூட அல்ல, நடக்காத செய்தியையே சொல்லிவிட்டேன். அதற்கு நான் திருத்தம் போடப் போவதில்லை. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அதை நீ உண்மையாக்கிவிடு.

எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு. வேளைக்குச் சாப்பிடு. ரசீதை முதலில் எனக்கு மட்டும் அனுப்பு.

உன்
அப்பா