நடுகல்லில் நான் வரைந்த வாள்

17-2-1980, ஞாயிற்றுக்கிழமை. காவலூர். இரவு 9.10.

இன்று நண்பகலில், புளியந்தோப்பின் ஓரத்தில் உள்ள நடுகல்லைப் படம் எடுத்தேன். கோடுகள் மங்கியிருந்தமையால், படத்தில் தெளிவாக விழவேண்டும் என்று வழக்கம்போல் சுண்ணக்கட்டியால் அவற்றின்மேல் வரைந்துகொண்டேன். வீரனின் தாழ்ந்த கையில் இருப்பது வாள் என்றே எண்ணி, அதையும் அழுத்தி வரைந்தேன். பிலிமில் இருந்த பன்னிரண்டு படங்களும் தீர்ந்த பிறகே நிலத்துக்காரர் வெள்ளையன் வந்து நின்றார்.

"இன்னா சாமி, எங்க பாட்டன் கையில கத்தியக் குடுத்துட்டீங்க? அவரு நாயப் புடிச்சிகினு இல்ல நிக்கிறாரு."

"நாய் எங்கே இருக்கிறது?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன்.

"நீங்க வரையாம வுட்டுட்டீங்க, அதான் காணோம். அந்த நாய்க்கோசரம் எங்க வூட்ல இன்னிக்கும் மொத களி உருண்டை நாய்க்குத்தாங்க. அப்புறந்தான் எனக்கே."

அவரே குடத்து நீரை ஊற்றிக் கல்லைக் கழுவினார். ஈரம் காயும்வரை காத்திருந்தோம். ஐந்தேகால் மணிக்குச் சாய்ந்த வெயில் பக்கவாட்டில் விழுந்தபோது, நான் வாள் என்று நினைத்த கோடு இன்னும் கீழே இறங்கி, ஒரு சிறிய நாயின் கழுத்தில் முடிவதைக் கண்டேன். வால்கூடத் தெரிந்தது. கேமராவில் பிலிம் இல்லை. நாளைக் காலைப் பேருந்தில் ஒடுகத்தூர் சென்று பிலிம் வாங்கிக்கொண்டு, மாலை வெயிலுக்குள் திரும்பிவிடலாம்.

உறக்கம் வராததற்குக் காரணம் அதுவன்று. 11-8-1974 அன்று கண்ணமங்கலத்துக்கு அருகில் எடுத்த நடுகல் படம், சட்டமிட்டு என் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அந்த வீரனின் கையிலும் வாள் இருக்கிறது. அதை வரைந்தவனும் நான்தான். அன்று நான் கல்லைக் கழுவிப் பார்க்கவில்லை. அவன் கையில் உண்மையில் என்ன இருக்கிறதோ.